மூன்று முறை விட்டு நான்காம் முறை முடித்தது: ‘போரும் வாழ்வும்’ படிக்கப் போகிறவர்களுக்கு

டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவலை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் நடுவில் விட்டேன். நான்காவது முறைதான் கடைசிப் பக்கம் வந்தது. இடையில் ஒன்பது வருடம் போய்விட்டது. தவறான பிரதிகளில் போன பணம் 1,600 ரூபாய்ச் சொச்சம். பணம்கூடப் பரவாயில்லை. விட்ட ஒவ்வொரு முறையும் மறுபடி முதல் பக்கத்திலிருந்தே தொடங்கினேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. நாவல் தொடங்குகிற அன்னா பாவ்லவ்னா வீட்டு மாலை விருந்தை நான்கு தடவை படித்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்களோ, அதில் நான் ஒருத்தி. இந்த நாவல் கடினம் என்று கேள்விப்பட்டே தொடங்கியிருந்தேன். கடினமே இல்லை, நீளம். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. கடினமான புத்தகத்துக்கு யோசிக்கத் தெரிய வேண்டும். நீளமான புத்தகத்துக்கு, நடுவில் விட்டுப் போனால் திரும்பி வரத் தெரிய வேண்டும். சமையல், வேலை, காய்ச்சல், கல்யாண வீடு என்று வாழ்கிறவர்கள் கட்டாயம் நடுவில் விடுவார்கள். திரும்பி வரும் வழியை முதல் நாளே போட்டுவைக்காததுதான் நான் செய்த தப்பு.

முதலில் கணக்கு. நாவல் நான்கு பாகம், ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் சில பகுதிகள், கடைசியில் ஒரு பின்னுரை. பாகங்களில் முறையே 65, 98, 96, 74 அத்தியாயங்கள், பின்னுரையில் 28. மொத்தம் 361. முழுப் பதிப்பு எதுவானாலும் 1,200, 1,300 பக்கம் இருக்கும், ஆகவே ஒரு அத்தியாயம் சராசரி மூன்றரை, நாலு பக்கம்தான். எனக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் ஆனது. மொத்தமாகப் பார்த்தால் 80 மணி நேரத்துக்குள். அதாவது, தலையணை அளவு புத்தகம் என்று பயந்தாலும், உள்ளே இருப்பது பருப்பு வேகிற நேரத்துக்குள் முடிகிற துண்டுகள். தொடராக வந்த எழுத்து வேறு எப்படி இருக்கும்? 1865இல் ‘ரஷ்யத் தூதன்’ என்று பொருள்படும் ‘ருஸ்கி வெஸ்த்னிக்’ பத்திரிகையில் ‘1805’ என்ற தலைப்பில் வரத் தொடங்கிய கதை, புத்தகமாக முழுசாக வந்து முடிந்தது 1869இல். முதன்முதலில் படித்த ரஷ்யர்களுக்கே நாலு வருடம் ஆகியிருக்கிறது. ‘ஒரே மூச்சில் படித்தேன்’ என்று சொல்கிறவர்களைப் பார்த்து நான் கூனிக் குறுகியதற்கு அவசியமே இல்லை.

பிரதி வாங்குவதில்தான் முதல் அடி வாங்கினேன். முதலில் வாங்கியது சுருக்கப் பதிப்பு. அட்டையில் அது எங்கேயும் இல்லை. உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. 300 பக்கம் போன பிறகுதான் தெரிந்தது. கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: மூன்றாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில் 39 அத்தியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். நாவலிலேயே நீளமான பகுதி அதுதான், சுருக்குகிறவர்கள் முதலில் கை வைப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பின்னுரை இரண்டு பகுதியாக இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒன்றோடு நின்றால் குறைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘மூல வடிவம்’ என்ற பெயரில் ஒரு பதிப்பும் கிடைக்கிறது. அது டால்ஸ்டாயின் ஆரம்ப வரைவை வைத்து அமைத்தது, நீளம் குறைவு, முடிவே வேறு. முதல் முறை படிக்கிறவர்களுக்கு அது வேண்டாம்.

இரண்டாவதாக வாங்கியது முழுப் பதிப்புதான், ஆனால் ஒரே தொகுதி, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிகிற காகிதம். கடையின் வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு டியூப்லைட்டில் நாலு பக்கத்துக்கு மேல் கண் தாங்கவில்லை. நாவலில் ஆர்வம் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டேன், உண்மையில் கண் வலி. மூன்றாவது பிரதியில் எழுத்து பெரிது, தாள் நன்று. ஆனால் அதில் பிரெஞ்சை அப்படியே விட்டு அடிக்குறிப்பில் பொருள் தந்திருந்தார்கள். நாவலின் முதல் வாக்கியமே பிரெஞ்சில்தான் தொடங்குகிறது. அந்தக் காலத்து ரஷ்யப் பிரபுக்கள் வீட்டிலும் பிரெஞ்சுதான் பேசினார்கள், நெப்போலியனைத் திட்டுவதும் பிரெஞ்சில்தான். அந்த முரணைக் காட்டத்தான் டால்ஸ்டாய் அப்படி எழுதினார், பிரெஞ்சை விட்டுவைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அலுவலகம் முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்கிற ஆளுக்குக் கண் பக்கத்தின் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தால் வாக்கியம் கையில் நிற்காது. முதல் வாசிப்புக்குப் பிரெஞ்சையும் உள்ளேயே மொழிபெயர்த்துவிட்ட பதிப்பு போதும்.

நான் முடித்தது லூயிஸ், அய்ல்மர் மாட் தம்பதியின் ஆங்கில மொழிபெயர்ப்பில். ரஷ்யாவில் வாழ்ந்தவர்கள், டால்ஸ்டாயை நேரில் அறிந்தவர்கள். காப்புரிமை தீர்ந்துவிட்டதால் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தமிழில் படிக்க நினைப்பவர்களுக்கு டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ‘போரும் வாழ்வும்’ என்ற தலைப்பே அவர் வைத்ததுதான். ‘அமைதி’ என்று நேரடியாகப் போடாமல் ‘வாழ்வு’ என்று வைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும். நாவலின் பாதிக்கு மேல் விருந்து, கடன், பெண் பார்ப்பது, பிரசவம், சொத்துத் தகராறு. அமைதி எங்கே இருக்கிறது அதில்? எதில் படித்தாலும் ஒன்றை எடுத்தால் அதிலேயே முடியுங்கள். நான் நடுவில் பதிப்பு மாறி ஒரு வாரம் வீணாக்கினேன், ஏனென்றால் பிரிப்பு முறையே வேறு. மாட் பதிப்பு போன்ற சிலவற்றில் நான்கு பாகம் என்று இருக்காது, பதினைந்து ‘புத்தகம்’ என்று இருக்கும். 1 முதல் 3 வரை முதல் பாகம், 4 முதல் 8 வரை இரண்டாம் பாகம், 9 முதல் 11 வரை மூன்றாம் பாகம், 12 முதல் 15 வரை நான்காம் பாகம். இதைத் தெரிந்துகொண்டால் காகிதப் புத்தகத்தில் விட்டதைச் செல்போனில் தொடரலாம். நான் கடைசி வருடம் அப்படித்தான் செய்தேன். சில பதிப்புகளில் அத்தியாய எண் ஒன்றிரண்டு முன்பின் இருக்கும், அதனால் எண்ணை நம்பாமல் அத்தியாயத்தின் முதல் வரியை வைத்துத் தேடுங்கள். மாட் பெயர்களையும் ஆங்கிலப்படுத்திவிடுவார்: ஆந்திரேய் அதில் ஆண்ட்ரூ, நிக்கொலாய் நிக்கோலஸ், மரியா மேரி.

ஒரே தொகுதியாக வைத்திருப்பவர்கள் அதை வெட்டத் தயங்க வேண்டாம். பாவம் என்று நானும் நினைத்தேன். ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிற புத்தகத்தைப் படுத்துக்கொண்டும் படிக்க முடியாது, கைப்பையிலும் போட முடியாது. கையில் இல்லாத புத்தகத்தை எப்படிப் படிப்பது? பேப்பர்பேக் என்றால் பாகம் மாறுகிற இடத்தில் நன்றாக விரித்து அழுத்தி, முதுகின் உள்பக்கமாகப் புது பிளேடை ஒரே கோட்டில் இழுங்கள். வெட்டிய ஓரத்தில் ஃபெவிகால் மெல்லிசாகத் தடவி, நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பரை முதுகைச் சுற்றி ஒட்டி, மேலே கனமான ஏதாவது வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். நாலு மெல்லிய புத்தகம் கிடைத்துவிடும். கெட்டி அட்டையில் தைத்த பிரதியில் இதைச் செய்யாதீர்கள், நூல் அறுந்து தாள் தாளாக வரும்.

அடுத்தது பெயர். ரஷ்யப் பெயர் குழப்புகிறது என்று புலம்பும் தமிழர்களைப் பார்த்தால் இப்போது சிரிப்பு வருகிறது, நம் இனிஷியலுக்கு அண்ணன் முறைதான் அது. சொந்தப் பெயர், அடுத்து அப்பா பெயர், கடைசியில் குடும்பப் பெயர். அப்பா பெயர் நமக்கு ஓர் எழுத்தாக முன்னால் நிற்கிறது, அவர்களுக்கு முழுசாக நடுவில் வருகிறது. மகனுக்கு ‘ஒவிச்’ அல்லது ‘எவிச்’, மகளுக்கு ‘ஒவ்னா’, ‘எவ்னா’ மாதிரி முடியும். கீரில் என்பவரின் மகன் பியோத்தர் கீரிலொவிச்; அவன்தான் எல்லோரும் பிரெஞ்சுப் பாணியில் ‘பியர்’ என்று கூப்பிடும் கதாநாயகன். மரியாதையாகக் கூப்பிட்டால் பெயரும் அப்பா பெயரும், நெருக்கமாக என்றால் செல்லப் பெயர். நத்தாஷாதான் நதால்யா இலீனிச்னா. குடும்பப் பெயர் பெண்ணுக்கு மாறும்: அண்ணன் ரஸ்தோவ், தங்கை ரஸ்தோவா. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதும் அப்படியே நம்ம ஊர் வழக்கம்தான். அதனால் பொல்கோன்ஸ்கி வீட்டுப் பெரியவரும் நிக்கொலாய், பேரனும் நிக்கொலாய், ரஸ்தோவ் வீட்டு மூத்த பையனும் நிக்கொலாய். நான் முதல் தடவை ஒரு பத்துப் பக்கம் கிழவர் குதிரைப் படையில் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துப் படித்தேன்.

இதற்கு ஒரு போஸ்ட்கார்டு அளவு அட்டை போதும், அதையே பக்க அடையாளமாகவும் வைத்துக்கொள்ளலாம். நாவலில் 500 பேருக்கு மேல் வந்துபோனாலும் ஐந்து குடும்பத்தைப் பிடித்தால் கதை கையில் நிற்கும். ரஸ்தோவ்: கடனாளி, நல்ல மனசுக்காரக் கவுண்ட் (பிரபுப் பட்டம்), மனைவி, பிள்ளைகள் வேரா, நிக்கொலாய், நத்தாஷா, பேத்யா, வீட்டோடு வளரும் சோன்யா. பொல்கோன்ஸ்கி: முசுட்டுக் கிழவர், மகன் ஆந்திரேய், மகள் மரியா, ஆந்திரேயின் மனைவி லிசா. பெசுகோவ்: சாகக் கிடக்கும் பணக்காரர், முறைப்படி பிறக்காத மகன் பியர். குராகின்: காரியக்காரர் வசீலி, பிள்ளைகள் இப்பலீத், அனதோல், ஹெலேன். துருபெத்ஸ்கோய்: நொடித்துப்போன அன்னா மிகைலவ்னா, அவள் மகன் பொரீஸ். இவ்வளவுதான். புதிதாக வருகிற ஆள் மூன்றாவது முறையாக வந்தால் மட்டும் அட்டையில் ஏற்றுங்கள். நான் இரண்டாவது முயற்சியில் வருகிறவர் போகிறவர் எல்லோரையும் நோட்டில் எழுதினேன், படிப்பது நின்று கணக்குப்பிள்ளை வேலை நடந்தது.

இரண்டு சொல் பற்றியும் முன்னாலேயே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ‘இளவரசர் வசீலி’, ‘இளவரசர் ஆந்திரேய்’ என்று வரும்போது ஜார் மன்னரின் மகன்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ரஷ்யாவில் அது பரம்பரைப் பட்டம், தகப்பனுக்கு இருந்தால் எல்லா மகன்களுக்கும் உண்டு, கையில் காசு இல்லாவிட்டாலும் உண்டு. இன்னொன்று, சொத்தை ‘ஆன்மா’ கணக்கில் சொல்வார்கள். பெசுகோவ் சொத்து 40,000 ஆன்மா என்றால் நிலத்தோடு சேர்ந்த அத்தனை ஆண் பண்ணையடிமைகள். ரஷ்யாவில் அந்த முறை ஒழிந்தது 1861இல்தான், கதை நடப்பது அதற்கு அரை நூற்றாண்டு முன்னால். முதல் பாகத்தின் முதல் பகுதி முடியப்போகும் நேரத்தில் சாகக் கிடப்பவரின் அறைக்கு வெளியே ஒரு தோல்பையை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் காட்சி வரும். உள்ளே இருப்பது உயிலும், பியரை முறையான மகனாக ஏற்கும்படி சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதமும் என்பது புரியாமல் படித்தால் அது வெறும் கூச்சல். புரிந்தால், சொத்துத் தகராறு பார்த்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் அதைவிட நெருக்கமான காட்சி கிடையாது. என் கருத்தில் நாவல் உண்மையில் தொடங்குவது அங்கேதான். அதுவரை ஏதோ ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுங்கள்.

வரலாறும் அரைப் பக்கம் தெரிந்தால் போதும். தன் வாசகர்களுக்கு யுத்தத்தின் முடிவு தெரியும் என்று வைத்துக்கொண்டே டால்ஸ்டாய் எழுதுகிறார், ஆகவே அதைத் தெரிந்துகொண்டால் கதை கெடாது. அட்டையின் பின்பக்கம் இப்படி எழுதினேன்: 1805 டிசம்பர், ஆஸ்தர்லித்ஸில் நெப்போலியன் வெற்றி. 1807 ஜூலை, தில்சித் சமாதானம். 1812 ஜூன், நெப்போலியன் ரஷ்யாவுக்குள் நுழைகிறான். செப்டம்பர் 7, பொரதினோ சண்டை. ஒரே வாரத்தில் மாஸ்கோ பிரெஞ்சுக்காரர் கையில். அக்டோபரில் பின்வாங்கல். நாவலில் வரும் தேதி இதற்கு 12 நாள் குறைவாக இருக்கும், ரஷ்யா அப்போது பழைய நாட்காட்டியில் இருந்தது. பொரதினோ அவர்கள் கணக்கில் ஆகஸ்ட் 26. அதே தேதிதான் நதால்யா என்ற பெயருக்குரிய புனிதரின் நாளும். ரஸ்தோவ் வீட்டை நாம் முதன்முதலில் பார்ப்பதே அம்மா, மகள் இருவருக்குமான அந்தப் பெயர்நாள் விருந்தில்தான். தற்செயலா, வேண்டுமென்றே செய்ததா என்று எனக்கு ஒரு நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

இனி முக்கியமான விஷயம், இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். மூன்று முறையும் நான் நின்றது சலிப்பால் இல்லை, இடைவெளியால். ஒரு மாதம் புத்தகத்தைத் தொடாமல் இருந்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது மறந்துவிடும். மறந்தால் குற்ற உணர்ச்சி, அப்புறம் ‘முதலிலிருந்தே ஒழுங்காகப் படிப்போம்’ என்ற வீம்பு. அந்த வீம்புதான் ஆளைக் கொல்வது. நான்காவது முறை ஒரு பென்சில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் அதே பக்கத்தின் அடியில் ஒரே வரி: யார், எங்கே, என்ன நடந்தது. ‘பியர், மாஸ்கோ, அப்பா அறைக்குள் கூட்டிப்போகிறார்கள்.’ ‘நிக்கொலாய், சீட்டாட்டம், தொலோகோவிடம் 43,000 ரூபிள் தோற்றான்.’ அரை நிமிட வேலை. கருத்து, ரசனை, மேற்கோள் எதுவும் எழுதக் கூடாது. எழுத ஆரம்பித்தால் நாலு நாளில் அலுத்து நிறுத்திவிடுவோம். இடைவெளி விழுந்தால் பின்னோக்கிப் புரட்டிக் கடைசி இருபது வரியைப் படிப்பேன், கடைசி ஓர் அத்தியாயத்தை மட்டும் மறுபடி படிப்பேன், அடுத்ததுக்குப் போய்விடுவேன். அதிகபட்சம் கால் மணி நேரம். ஒரு முறை ஏழு வாரம் விட்டுப்போய் இப்படித்தான் திரும்பி வந்தேன். செல்போனில் படிக்கிறவர்கள் குறிப்பு வசதியிலேயே இதைச் செய்யலாம்.

தினம் ஒரு அத்தியாயம் என்று வைத்தால் ஒரு வருடத்துக்கு நாலு நாள் மிச்சம் வரும், கேட்க அழகாக இருக்கும். நடக்காது. தினக்கணக்கில் ஒரு நாள் தவறினால் கடன், நாலு நாள் தவறினால் வட்டி, பத்து நாள் தவறினால் திவால். நான் வாரக் கணக்கு வைத்தேன்: வாரத்துக்குப் பத்து. வேலை நாளில் ஐந்தோ நாலோ, மீதி சனி ஞாயிறில். தவறிய வாரத்தை அடுத்த வாரத்தோடு சேர்ப்பதே இல்லை, அப்படியே கழித்துவிட்டேன். 361 அத்தியாயத்துக்கு 36 வாரம் போதும் என்பது கணக்கு, ஆனது 49. அந்தப் பதின்மூன்று வாரத்தில் பொங்கல், தீபாவளி, ஒரு கல்யாணம், ஒரு டைபாய்டு எல்லாம் அடக்கம். நேரம் தேடுவதில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. கதை அத்தியாயத்தை எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம், சோறு வடிக்கும்போதுகூட. போர்க்கள அத்தியாயத்துக்கு உட்கார இடம் வேண்டும். வரலாற்றுத் தத்துவ அத்தியாயத்துக்கு விடிகாலை வேண்டும்; ராத்திரி தூங்கப்போகும் முன் படித்தால் மூன்றாவது வரியில் புத்தகம் மூக்கில் விழும்.

முதல் பாகத்தின் இரண்டாம் பகுதி திடீரென்று ஆஸ்திரியாவில் படை அணிவகுப்பில் தொடங்கும். சிப்பாய்களின் பூட்ஸ் தேய்ந்துபோனதைப் பற்றித்தான் முதல் கவலையே. விருந்து வீட்டுக்குப் பழகிய மனசுக்கு அது இன்னொரு நாவல் மாதிரி இருக்கும், பாதிப் பேர் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள். படைப்பிரிவு, தளபதி பெயர் எதையும் மனசில் ஏற்ற வேண்டாம். ஆந்திரேய் எங்கே நிற்கிறான், நிக்கொலாய் எங்கே நிற்கிறான், இரண்டு மட்டும் பாருங்கள். துஷின் என்ற பீரங்கிப் படை கேப்டன் பூட்ஸ் இல்லாமல் நின்று திட்டு வாங்குவார். அவரைக் குறித்துக்கொள்ளுங்கள், யுத்தத்தைப் பற்றி டால்ஸ்டாய் சொல்ல வந்ததில் பாதி அந்தச் சின்ன உருவத்தில் இருக்கிறது. செல்போனில் வரைபடத்தைத் திறந்து பிரௌனாவ், வியன்னா, இன்று செக் நாட்டில் ஸ்லாவ்கோவ் என்று இருக்கும் ஆஸ்தர்லித்ஸ் மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், மேற்கிலிருந்து கிழக்கே பின்வாங்கிக்கொண்டே வருகிறார்கள்.

அடுத்த மேடு, இரண்டாம் பாகத்தில் பியர் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தில் சேரும் இடம். கண்ணைக் கட்டிச் சடங்கு செய்வது, பிறகு அவன் எழுதும் நாட்குறிப்பு. மூன்றாவது முறை நான் இங்கேதான் நின்றேன். வேகமாகப் படித்துத் தாண்டலாம், விட்டுவிட வேண்டாம். பியர் ஒவ்வொரு கொள்கையிலும் தலைகுப்புற விழுந்து எழுவதுதான் அவன் கதை. தாண்டினால் அடுத்து வருவது நாவலின் நெய்ச்சோறு. பட்டுப்போன ஓக் மரம், நத்தாஷாவின் முதல் நடன விருந்து, ஓநாய் வேட்டை, வேட்டை முடிந்து கிராமத்து வீட்டில் நத்தாஷா ஆடும் ஆட்டம், கிறிஸ்துமஸ் வேஷக் கூத்து. இரண்டாம் பாகத்தின் நான்காம் பகுதி வெறும் பதின்மூன்று அத்தியாயம். அதை மட்டும் வாரக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் படியுங்கள். என் ஞாயிறு சமையலை அன்று ஓட்டல் கவனித்துக்கொண்டது.

மூன்றாம் பாகத்திலிருந்து ஆசிரியரே மேடை ஏறுவார். வரலாற்றைப் பெரிய மனிதர்கள் நடத்துவதில்லை, லட்சக்கணக்கான சாதாரண ஆட்களின் சின்னச் சின்ன விருப்பங்கள் கூடித்தான் நடக்கிறது என்பது வாதம். அதைக் கணிதத்தை வைத்து, கடிகாரத்தை வைத்து, ஆமையை முந்த முடியாத ஓட்டக்காரன் கதையை வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்வார். பெரும்பாலும் ஒரு பகுதியின் முதல் அத்தியாயமாக இது வரும், உரையாடல் ஒன்றுகூட இருக்காது, பார்த்ததும் அடையாளம் தெரியும். தாண்டலாமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: 1873இல் வந்த பதிப்பில் டால்ஸ்டாயே இந்தக் கட்டுரைகளைக் கதையிலிருந்து பிரித்துப் பின்னிணைப்பாக வைத்தார், பிரெஞ்சு உரையாடல்களையும் ரஷ்ய மொழிக்கு மாற்றினார். பின்னால் வந்த பதிப்புகள்தான் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தன. எழுதியவரே ஒரு தடவை நகர்த்திவைத்ததை நாம் ஒரு தடவை தள்ளிவைத்துப் படித்தால் குற்றம் இல்லை. நான் அவற்றுக்குக் காது மடித்துவைத்து, பாகம் முடிந்ததும் சேர்த்துப் படித்தேன். அப்படிப் படித்தபோது வாதம் கோவையாகவே இருந்தது.

பொரதினோ சண்டைக்கு இருபது அத்தியாயத்துக்கு மேல் போகிறது. மூன்றாம் பாகம் இரண்டாம் பகுதியின் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் டால்ஸ்டாயே ஒரு களப்படம் கொடுத்திருப்பார், சில மலிவுப் பதிப்புகளிலும் மின்நூல்களிலும் அது விடுபட்டிருக்கும், வேறு பிரதியில் பார்த்துக்கொள்ளுங்கள். யுத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத பியர் வெள்ளைத் தொப்பியோடு வேடிக்கை பார்க்கப் போகிறான். அவன் பின்னாலேயே நடந்தால் நமக்கும் புரிய வேண்டியது புரியும், அவனுக்குப் புரியாதது நமக்கும் வேண்டியதில்லை. இதற்குப் பிறகு புத்தகம் தானாகவே ஓடும். நான்காம் பாகத்தின் 74 அத்தியாயத்தை ஐந்து வாரத்தில் முடித்தேன், வாரத்துக்குப் பத்து என்ற கணக்கு அங்கே நிற்கவில்லை.

பின்னுரையில் கதை முடிவது முதல் பகுதியின் 16ஆம் அத்தியாயத்தில். அதற்கப்புறம் வரும் 12 அத்தியாயமும் சுதந்திரம், நியதி, அதிகாரம் பற்றிய கட்டுரை, ஒரு பாத்திரம்கூட எட்டிப்பார்க்காது. அங்கே நிறுத்திவிட்டு ‘முடித்தேன்’ என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் பிடிவாதமாகப் படித்தேன், 12 அத்தியாயத்துக்கு மூன்று வாரம் ஆனது, பாதிக்கு மேல் மனசில் நிற்கவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். முன்னுரையைப் படிக்காதீர்கள். செவ்வியல் நாவல் என்றால் எல்லோருக்கும் கதை தெரியும் என்ற நினைப்பில் யார் சாகிறார்கள், யார் யாரைக் கட்டுகிறார்கள் என்று முன்னுரைக்காரர்கள் போட்டு உடைத்துவிடுகிறார்கள். எனக்கு ஒரு மரணம் அப்படி முதல் நாளே தெரிந்துபோனது, 800 பக்கம் அந்த ஆளை மனசு விட்டுப் பார்க்க முடியவில்லை. இணையத்தில் பாத்திரப் பெயரைத் தேடுவதும் அதே ஆபத்துதான். பெயர் உச்சரிப்புக்கு வேண்டுமானால் லிப்ரிவாக்ஸில் இலவச ஒலிநூல் இருக்கிறது, அதில் இரண்டு அத்தியாயம் கேளுங்கள். செர்கேய் பந்தார்ச்சுக் 1960களில் எடுத்த நாலு பாகப் படம் ஏழு மணி நேரம் ஓடும், அதைக் கடைசியில் பாருங்கள்.

படத்துக்கும் முன்னால் ஒரு வேலை. இவ்வளவு நேரம் முதலிலிருந்து தொடங்காதீர்கள் என்று சொன்ன நானே சொல்கிறேன், முடித்த மறுநாள் முதல் ஐந்து அத்தியாயத்தை மட்டும் திரும்பப் படியுங்கள். நான்கு முறை எனக்குப் பிரெஞ்சுக் கூச்சலாகத் தெரிந்த அந்த விருந்துதான். இந்தத் தடவை உள்ளே போனால் எல்லோரும் தெரிந்த முகம். வசீலி வந்திருப்பது மகனுக்கு வியன்னாவில் வேலை வாங்க. அன்னா மிகைலவ்னா மூலையில் காத்திருப்பது பொரீஸைக் காவல் படையில் சேர்க்கச் சொல்லி வசீலியிடம் கெஞ்ச. லிசா மடியில் தையல் பையை வைத்துக்கொண்டு கலகலவென்று பேசிக்கொண்டிருக்கிறாள். பியர் யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நடு அறையில் நிற்கிறான், அவனை எப்படிச் சமாளிப்பது என்று வீட்டுக்காரிக்குக் கலக்கம்.